பிளாஸ்மா ஏன் பிடியில் நிற்பதில்லை? காந்தப்புலத்துக்குள் உறுதியின்மை தொடங்கும் விதம்

2025 ஜனவரியில் இலேசான அணுக்கருக்களை இணைத்துச் சக்தி எடுக்க முயலும் அணுக்கரு இணைவு ஆய்வில், சீனாவின் ‘ஈஸ்ட்’ உலை சூடான பிளாஸ்மாவை 1,066 வினாடிகள் பிடித்து வைத்தது. அடுத்த மாதமே பிரான்ஸின் ‘வெஸ்ட்’ உலை 1,337 வினாடிகள் வரை போனது. தமிழில் இந்தச் செய்திகள் பெரும்பாலும் ‘செயற்கைச் சூரியன்’ என்ற தலைப்போடுதான் வருகின்றன. வாசிக்கிறவருக்கு உடனே ஒரு குழப்பம். எழுபது வருட உழைப்புக்குப் பிறகும் கணக்கு இன்னும் நிமிடங்களில்தானா? இருபத்திரண்டு நிமிடம் ஓடியது எப்படிச் சாதனையாகும்? அதுவும் மின்சாரம் எதுவும் எடுக்காமல்?

பிளாஸ்மாவைச் சூடாக்கும் வித்தை எப்போதோ கைவந்துவிட்டது. சூடான பிளாஸ்மா வைத்த இடத்தில் இருப்பதில்லை என்பதுதான் தீராத தலைவலி. நெளிகிறது, பிதுங்குகிறது, சில வேளை ஒரு மில்லிசெக்கனில் முழுச் சக்தியையும் சுவரில் கொட்டிவிடுகிறது. இந்தக் குணத்துக்குத்தான் பௌதிகவியலில் உறுதியின்மை என்று பெயர். அது எப்படித் தொடங்குகிறது என்று தெரிந்தால் உலைச் செய்திகள் மட்டுமல்ல, பொழுதுபட்ட பிறகு கொழும்புக்கு மேலே சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் நடப்பதும் விளங்கும்.

முதலில் அடிப்படை

வாயுவை மிகக் கடுமையாகச் சூடாக்கினால் அணுக்களிலிருந்து இலத்திரன்கள் கழன்றுவிடும். மறை ஏற்றமுள்ள இலத்திரன்களும் நேர் ஏற்றமுள்ள அயன்களும் கலந்து திரியும் அந்த நிலைதான் பிளாஸ்மா. மொத்தத்தில் அது நடுநிலையானது, ஆனால் மிக நல்ல மின்கடத்தி. மின்னலும் சூரியனும் பிளாஸ்மாதான்.

காந்தப்புலத்துக்குள் ஏற்றமுள்ள துணிக்கை ஒன்று புலக்கோட்டைச் சுற்றிச் சுழலும் என்பது உயர்தரத்தில் பௌதிகவியல் எடுத்தவர்களுக்குத் தெரிந்ததே. கோட்டின் வழியே அது ஓடலாம், குறுக்கே போக முடியாது. 5 டெஸ்லா புலத்தில், இணைவுக்குத் தேவையான வெப்பநிலையில், அயன் சுழலும் வட்டத்தின் ஆரை சில மில்லிமீற்றர்தான். சுவர் அதைவிட எவ்வளவோ தூரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துணிக்கையாகப் பார்த்தால் பிளாஸ்மா தப்பிக்க வழியே இல்லை.

துணிக்கைகள் கூட்டாக நகரும்போதுதான் விஷயம் மாறுகிறது. நன்றாக மின்னைக் கடத்தும் பிளாஸ்மாவில் காந்தப்புலக் கோடுகள் பிளாஸ்மாவோடு ஒட்டிக்கொண்டே நகரும் என்று 1940களில் ஹன்னஸ் அல்வேன் காட்டினார். அவருக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது. புலம் பிளாஸ்மாவைப் பிடிக்கிறது என்பது உண்மை. பிளாஸ்மா வளைந்தால் புலமும் சேர்ந்து வளையும் என்பதும் அதே அளவு உண்மை. பிடித்து வைக்கும் சுவரே பிடிபட்ட பொருளோடு சேர்ந்து நெளிகிறது என்றால் சமநிலை எவ்வளவு நம்பத்தக்கது?

அமுக்கம் போதும், ஆனாலும் நிற்காது

காந்தப்புலத்துக்கு அமுக்கம் உண்டு. 1 டெஸ்லா புலம் ஏறக்குறைய 4 வளிமண்டல அமுக்கத்துக்குச் சமம். புலம் இரட்டித்தால் அமுக்கம் நான்கு மடங்காகும். பிரான்ஸின் தெற்கே கட்டப்பட்டுவரும் ‘ஈட்டர்’ உலையின் மையப் புலம் 5.3 டெஸ்லா. கணக்குப் போட்டால் சுமார் 110 வளிமண்டலம். உள்ளே இருக்கப்போகும் பிளாஸ்மாவின் அமுக்கமோ இரண்டு மூன்று வளிமண்டலம்தான். வலிமையில் குறையே இல்லை. பிறகேன் பயம்?

ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். கீழேயிருந்து வளிமண்டலம் தள்ளும் அமுக்கம் பத்து மீற்றர் உயரத் தண்ணீரைத் தாங்கப் போதுமானது. கிளாஸில் இருப்பது பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர். அப்படியிருந்தும் தண்ணீர் கொட்டிவிடுகிறது. வாயை ஓர் அட்டையால் மூடிக் கவிழ்த்தால் அதே வளிமண்டலம் அதே தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. அட்டை பாரத்தைத் தாங்கவில்லை, நீரின் மேற்பரப்பு நெளியாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அட்டை இல்லாதபோது மேற்பரப்பில் ஒரு சிறு பள்ளமும் ஒரு சிறு மேடும் உண்டாகின்றன. பாரமான நீர் கொஞ்சம் இறங்க, இலேசான காற்று கொஞ்சம் ஏறுகிறது. இறங்கியது மேலும் இறங்குகிறது. ராலே, டெய்லர் ஆகிய இருவரின் பெயரால் அறியப்படும் உறுதியின்மை இது.

தண்ணீரின் இடத்தில் பிளாஸ்மாவையும் காற்றின் இடத்தில் காந்தப்புலத்தையும் வைத்தால் என்ன நடக்கும் என்பதை மார்ட்டின் குருஸ்கலும் மார்ட்டின் சுவார்சைல்டும் 1954இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதே கதிதான். சமநிலை இருப்பது ஒன்று, அந்தச் சமநிலை உறுதியாக இருப்பது வேறொன்று.

தொடங்குவதற்கு மூன்று வேண்டும்

1. சேமித்த சக்தி. எங்கோ ஏதோ சமமின்றி இருக்க வேண்டும். நடுவில் அமுக்கம் கூடி ஓரத்தில் குறைந்திருக்கலாம், பிளாஸ்மா ஊடாகப் பெரிய மின்னோட்டம் ஓடலாம், பாரமானது இலேசானதற்கு மேலே இருக்கலாம், ஒரு கூட்டம் துணிக்கைகள் மற்றவற்றைவிட வேகமாக ஓடலாம். எல்லாம் சமமாகிப்போன பிளாஸ்மாவில் உறுதியின்மை பிறக்காது. ஆனால் அப்படியொரு பிளாஸ்மாவால் யாருக்கும் பயனில்லை. உலையின் நடுவே 15 கோடி பாகை, சுவரோரம் சில நூறு பாகை என்ற வேறுபாட்டை வைத்திருப்பதுதானே உலையின் வேலை.

2. அந்தச் சக்தியை வெளியே விடும் ஒரு வழி. பிளாஸ்மா கொஞ்சம் நகர்ந்தால் மொத்தச் சக்தி கூடுகிறதா குறைகிறதா என்பதே கேள்வி. நகர்வதற்குப் புலக்கோடுகளை வளைக்க வேண்டியிருந்தால் அதற்குச் சக்தி செலவாகும், செலவு வரவைவிட அதிகமானால் பிளாஸ்மா அடங்கி இருக்கும். வரவு ஒரு துளி கூடினாலும் கதை மாறிவிடும். இந்த வரவு செலவுக் கணக்கை 1958இல் பெர்ன்ஸ்டைன், பிரீமன், குருஸ்கல், கல்ஸ்ரட் நால்வரும் ஒரு பொது விதியாக எழுதினார்கள்.

3. ஒரு விதை. ஏதோ ஒரு சின்ன நெளிவு. இது எப்போதும் இருக்கும். துணிக்கைகள் வெப்பத்தால் ஆடிக்கொண்டே இருப்பதால் முழுக்க வழுவழுப்பான பிளாஸ்மா என்று ஒன்று கிடையாது.

விதை எவ்வளவு சின்னது என்பது ஏன் அநேகமாக முக்கியமில்லை என்று பார்ப்போம். ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவு நெளிவு இருக்கிறது, அது ஒவ்வொரு மைக்ரோசெக்கனிலும் இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 தடவை இரட்டித்தால் ஒன்றரை சென்ரிமீற்றரைத் தாண்டிவிடும். அதாவது 24 மைக்ரோசெக்கன். சரி, எப்படியோ பாடுபட்டு விதையை ஆயிரம் மடங்கு குறைத்துவிட்டோம். கிடைத்த இலாபம்? இன்னும் பத்துத் தடவை இரட்டிக்கும் நேரம். 24க்குப் பதில் 34 மைக்ரோசெக்கன்.

ஆகவே பிளாஸ்மா கலைந்துவிட்டால் ‘எது தட்டிவிட்டது?’ என்று தேடுவதில் பெரும்பாலும் பலனில்லை. வரவு செலவை மிஞ்சும் எல்லை எப்போது தாண்டப்பட்டது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. எல்லைக்கு இந்தப் பக்கம் எவ்வளவு தட்டினாலும் பிளாஸ்மா ஆடிவிட்டு அமைதியாகும். அந்தப் பக்கம் போய்விட்டால் தட்டவே வேண்டியதில்லை.

மின்னோட்டம் தன்னையே நெரிக்கும்போது

1905இல் அவுஸ்திரேலியாவின் ஹார்ட்லி வேல் என்ற இடத்தில் மின்னல் தாக்கிய ஒரு செப்புக் குழாயைப் பொலக், பரக்ளோ என்ற இருவர் ஆராய்ந்தார்கள். குழாய் உள்நோக்கி நசுங்கிப் போயிருந்தது. அதனூடாகப் பாய்ந்த மின்னோட்டம் தன்னைச் சுற்றி உண்டாக்கிய காந்தப்புலமே குழாயை நெரித்திருக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. பிளாஸ்மாவைப் பிடித்து வைக்க இது அருமையான வழியாகத் தெரிந்தது. வெளியே பெரிய காந்தம் எதற்கு, மின்னோட்டத்தைச் செலுத்தினால் பிளாஸ்மா தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளுமே.

இறுக்கிக்கொண்டது. அப்புறம் இரண்டு விதமாகக் கலைந்தது.

முதலாவது, கழுத்து நெரிபடுவது. பிளாஸ்மாத் தூணில் ஓரிடம் தற்செயலாகக் கொஞ்சம் ஒடுங்குகிறது. மின்னோட்டம் எங்கும் ஒரே அளவு, ஆனால் ஆரை குறைந்த இடத்தில் அதன் மேற்பரப்பில் காந்தப்புலம் கூடுகிறது. புலம் கூடினால் நெரிப்பும் கூடும், இன்னும் ஒடுங்கும். தூண் துண்டு துண்டாகிவிடும்.

இரண்டாவது, வளைந்து நெளிவது. தூண் ஒரு பக்கம் சற்று வளைகிறது. வளைவின் உட்பக்கத்தில் புலக்கோடுகள் நெருங்குகின்றன, வெளிப்பக்கத்தில் விலகுகின்றன. நெருங்கிய பக்கத்தில் அமுக்கம் அதிகம் என்பதால் அது தூணை மேலும் வெளியே தள்ளுகிறது.

இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வுகூடத்தில் 1957இல் இயங்கத் தொடங்கிய ‘சீட்டா’ இந்த வழியில் கட்டப்பட்ட பெரிய கருவி. அதில் ஐதரசனின் பாரமான வகையான டியூத்திரியத்தை நிரப்பி ஓட்டியபோது நியூத்திரன்கள் வந்தன. நியூத்திரன் வந்தால் அணுக்கரு இணைவு நடந்திருக்கிறது என்று அர்த்தம். 1958 ஜனவரியில் சர் ஜோன் கொக்ரொஃப்ட் அதை உலகுக்கு அறிவித்தார், பத்திரிகைகள் கொண்டாடின. மே மாதமே அதைத் திருத்திச் சொல்ல வேண்டி வந்தது. இணைவு நடந்தது உண்மைதான், ஆனால் பிளாஸ்மா முழுவதும் சூடேறியதால் அல்ல. உறுதியின்மையால் பிளாஸ்மா நெளிந்தபோது உள்ளே பலத்த மின்புலங்கள் தோன்றி, ஒரு சில அயன்களை மட்டும் முடுக்கி விட்டிருந்தன. வெற்றியின் அடையாளமாக எண்ணப்பட்ட நியூத்திரன்கள் பிளாஸ்மா கலைந்ததன் அடையாளமாக இருந்தன. இணைவு பற்றிய செய்தி எதை வாசித்தாலும் இந்தச் சம்பவத்தை ஞாபகத்தில் வைத்திருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். நியூத்திரன் எண்ணிக்கை மட்டும் எதையும் நிரூபிக்காது.

இதற்கு மருந்தை அமெரிக்காவில் குருஸ்கலும் சோவியத்தில் ஷப்ரானவும் தனித்தனியே கண்டார்கள். மின்னோட்டம் ஓடும் திசையிலேயே இன்னொரு பலமான காந்தப்புலத்தைச் சேர்த்துவிட்டால், தூண் வளைவதற்கு அந்தக் கோடுகளையும் வளைக்க வேண்டிவரும், அது செலவு. மின்னோட்டம் ஓர் அளவுக்குள் இருக்கும்வரை செலவு வரவை மிஞ்சும். சோவியத்தின் டோகமாக், பிளாஸ்மாத் தூணை வளையமாக மூடி, இந்த எல்லைக்குள் நின்று ஓடிய கருவி. 1968இல் அவர்கள் சொன்ன வெப்பநிலையை மேற்கில் நம்பத் தயங்கினார்கள். 1969இல் இங்கிலாந்திலிருந்து ஒரு குழு தன் லேசர்க் கருவியைத் தூக்கிக்கொண்டு மொஸ்கோ போய், பனிப்போர்க் காலத்தில், தானே அளந்து பார்த்து, சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டது. இன்றைய ஈஸ்ட், வெஸ்ட், ஈட்டர் எல்லாம் அந்த வம்சம்.

மற்ற வழிகள்

நடுவிலிருந்து ஓரத்துக்கு அமுக்கம் குறைந்துகொண்டு போகும் அமுக்கச் சரிவும் ஒரு வழி. டோகமாக்கில் புலக்கோடுகள் வளைந்திருப்பதால் வளைவில் ஓடும் துணிக்கை வெளிநோக்கித் தள்ளப்படுகிறது. கவிழ்த்த கிளாஸில் புவியீர்ப்பு செய்த வேலையை இங்கே இந்தத் தள்ளல் செய்கிறது. அதனால்தான் வளையத்தின் வெளிப்பக்கத்தில் பிளாஸ்மா பிதுங்கப் பார்க்கும், உட்பக்கத்தில் அந்தத் தொல்லை இல்லை.

மின்தடையும் ஒரு வழி. புலக்கோடுகள் பிளாஸ்மாவோடு ஒட்டியிருக்கும் என்று பார்த்தோம், அது தடை பூச்சியமாக இருந்தால்தான் முழு உண்மை. கொஞ்சம் தடை இருந்தால் கோடுகள் அறுந்து வேறு விதமாக இணையலாம். 1963இல் பூர்த், கிலீன், ரோசன்புளூத் மூவரும் விளக்கிய இந்தக் கிழிதல் மெதுவாக வளர்ந்து, பிளாஸ்மாவுக்குள் கோடுகள் தனியே சுருண்டு மூடிக்கொண்ட ‘காந்தத் தீவு’களை உண்டாக்கும். கோடுகள் அறுந்து இணையும் இதே செயல்தான் சூரியனில் திடீரென்று வெடிக்கும் எரிமலர்ச்சிகளில் சக்தியை விடுவிக்கிறது.

இவை எதுவும் இல்லாமல், துணிக்கைகளின் வேகங்கள் திசைக்குத் திசை வேறுபட்டாலே போதும். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் பிளாஸ்மாவான சூரியக் காற்றில் விண்கலங்கள் அளந்தபோது, புலத்தின் வழியேயான வெப்பநிலைக்கும் குறுக்கேயான வெப்பநிலைக்கும் உள்ள விகிதம் கோட்பாடு சொல்லும் எல்லைகளுக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கியிருந்தது. எல்லையைத் தாண்ட முயன்றால் உறுதியின்மை முளைத்து வேறுபாட்டைக் குறைத்துவிடுகிறது. இயற்கைப் பிளாஸ்மா எல்லைக்கோட்டுக்கு அருகிலேயே வாழப் பழகியிருக்கிறது.

காந்தப்புலம் எப்போதும் அடக்குகிற பக்கம்தான் நிற்கும் என்றும் இல்லை. கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டில் மிகப் பலவீனமான காந்தப்புலம் ஒன்று இருந்தாலே, அமைதியாகச் சுழல வேண்டிய தட்டு கொந்தளிக்கத் தொடங்கும். 1959இல் வெலிகோவும் 1960இல் நம் சுப்பிரமணியன் சந்திரசேகரும் இதன் கணிதத்தைக் கண்டிருந்தார்கள். வாயுத் தட்டுகளுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதை பல்பஸும் ஹாவ்லியும் காட்டியது 1991இல். முப்பது வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது.

விதை முக்கியமாகும் ஒரு சந்தர்ப்பம்

விதை முக்கியமில்லை என்று சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது உலைக்காரர்களைத் தூங்கவிடாத விதிவிலக்கு.

சூடான டோகமாக்கில் அமுக்கச் சரிவே சொந்தமாக ஒரு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. எங்காவது ஒரு காந்தத் தீவு தோன்றினால் அதற்குள் அமுக்கம் சமமாகிவிடும், அங்கே அந்த மின்னோட்டம் இல்லாமல் போகும், அந்தக் குறையே தீவைப் பெருக்கும். ஆனால் மிகச் சிறிய தீவு தானாக மூடிக்கொள்ளும். குறிப்பிட்ட ஓர் அகலத்தைத் தாண்டிய தீவு மட்டுமே வளரும். ஆகவே இங்கே யார் தட்டினார்கள், எவ்வளவு பலமாகத் தட்டினார்கள் என்பது நிஜமாகவே முக்கியம். உலையின் மையத்தில் வெப்பநிலை திடீரென்று விழும் சிறு வீழ்ச்சிகள் அந்தத் தட்டலைக் கொடுத்துவிடலாம். தீவு முளைத்த இடத்தைப் பார்த்து நுண்ணலைகளைப் பாய்ச்சி, குறைந்த மின்னோட்டத்தை நிரப்பி அதைச் சுருக்குகிறார்கள்.

விளைவுகள்

சின்ன உறுதியின்மைகள் பிளாஸ்மாவைக் கலைப்பதில்லை, கொந்தளிப்பை உண்டாக்கி வெப்பத்தைக் கசியவிடுகின்றன. ஈட்டர் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்கு இந்தக் கசிவு ஒரு முக்கிய காரணம்.

நடுத்தரமானவை ஓரத்தில் வெடிப்புகளாக வரும். 1982இல் ஜேர்மனியின் கார்ஷிங்கில் பிரிட்ஸ் வாக்னர் குழு, வெப்பம் வழமையைவிட நன்றாகத் தங்கும் ஓர் இயக்க நிலையைக் கண்டது. ஓரத்தில் கசிவு குறைந்ததால் அங்கே அமுக்கம் செங்குத்தாக ஏறியது. செங்குத்தாக ஏறியதால் உறுதியின்மை எல்லையை எட்டியது, விட்டு விட்டு வெப்பத்தைக் கக்கியது. நன்றாகப் பிடித்து வைத்ததற்கான தண்டனை என்று சொல்லலாம்.

பெரியது முழுக் கலைவு. சில மில்லிசெக்கன்களில் வெப்பம் சுவரில் இறங்கும். பிறகு இலட்சக்கணக்கான அம்பியர் மின்னோட்டம் திடீரென்று விழும், அந்த வீழ்ச்சி உலையின் உலோகக் கூட்டையே முறுக்கும், இலத்திரன்களை ஒளியின் வேகத்துக்கு அருகில் முடுக்கிவிடும். ‘செயற்கைச் சூரியன் வெடித்தால் என்ன ஆகும்?’ என்று கேட்பவர்களுக்கு: வெடிக்காது. உள்ளே இருக்கும் எரிபொருள் ஒரு சில கிராம், அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றின் இரண்டரை இலட்சத்தில் ஒரு பங்கு. சுவரைத் தொட்டதும் குளிர்ந்து அணைந்துவிடும். அழிவது கோடிக்கணக்கில் செலவழித்த கருவிதான். ஜேர்மனியின் கிரைப்ஸ்வால்டில் 2015 முதல் இயங்கும் வென்டெல்ஸ்டைன் 7-எக்ஸ், பிளாஸ்மாவுக்குள் பெரிய மின்னோட்டமே தேவைப்படாதபடி காந்தச் சுருள்களை முறுக்கி அமைத்து இந்தப் பயத்தை வேரோடு தவிர்க்கப் பார்க்கிறது.

கொழும்பு வானத்தில்

பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையையும் இலங்கையின் வடபகுதியையும் ஒட்டிச் செல்கிறது. திருவனந்தபுரத்துக்கு அருகேயுள்ள தும்பாவில் 1963இல் ரொக்கட் ஏவுதளம் அமைந்ததற்குக் காரணமும் அதுதான். கொழும்பு இந்தக் கோட்டுக்குச் சற்றுத் தெற்கே. இங்கே காந்தப்புலக் கோடுகள் நிலத்துக்கு ஏறக்குறைய கிடையாக, தெற்கிலிருந்து வடக்கே ஓடுகின்றன. மேலே சூரிய ஒளியால் அயனாகிப்போன மேல்வளிமண்டலம், அதாவது அயன்மண்டலப் பிளாஸ்மா, அதைக் கீழே விழாமல் தாங்கும் கிடையான புலம். கவிழ்த்த கிளாஸேதான்.

1. பொழுதுபட்டதும் 100 கிலோமீற்றர் உயரத்துக் கீழ்ப்படையில் இலத்திரன்களும் அயன்களும் வேகமாக மீண்டும் சேர்ந்து பிளாஸ்மா மறைந்துவிடும். 300 கிலோமீற்றர் உயரத்துப் படை அவ்வளவு சீக்கிரம் மறையாது. கீழே வெற்று, மேலே பாரம்.

2. அதே நேரத்தில் கிழக்கு நோக்கிய மின்புலம் சிறிது நேரம் பலமடைந்து மேல்படையை இன்னும் உயர்த்தும். உயரே போகப் போகக் காற்றுத் துணிக்கைகளோடு மோதல் குறையும், உறுதியின்மை வளர்வது எளிதாகும்.

3. படையின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு பள்ளம். புவியீர்ப்பால் கிழக்கே ஓடும் மெல்லிய மின்னோட்டம் அந்தப் பள்ளத்தில் தடைப்பட, மேற்குப் பக்கத்தில் நேர் ஏற்றமும் கிழக்கில் மறை ஏற்றமும் தேங்கும். அவற்றுக்கிடையே உண்டாகும் மின்புலம் பள்ளத்தை மேலே தள்ளும். பத்துப் பதினைந்து நிமிடங்களில் அது பல மடங்காகி, குமிழாக மேலேறி, சில வேளை 1,000 கிலோமீற்றரையும் தாண்டும்.

இதன் அறிகுறியைப் பெருவின் வன்கயோவில் புக்கரும் வெல்ஸும் 1938இலேயே பதிவுசெய்தார்கள். கவிழ்ந்த கிளாஸ் விளக்கத்தை முன்வைத்தவர் டங்கி, 1956இல். குமிழ்கள் எழுவதைப் பெருவின் ஹிகமார்கா ரேடார் காட்டியதை வுட்மனும் லா ஹோஸும் 1976இல் வெளியிட்டார்கள்.

குமிழின் ஓரங்களில் சில நூறு மீற்றர் அளவில் பிளாஸ்மா தாறுமாறாகிவிடும். 20,000 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வரும் ஜி.பி.எஸ். சமிக்ஞை அதனூடாக வரும்போது பலம் கூடிக் குறைந்து மினுங்கும், சில வேளை அறுந்தே போகும். கைத்தொலைபேசி வைத்திருப்பவர் இதை அநேகமாக உணரமாட்டார், பல செய்மதித் தொகுதிகளையும் பக்கத்துக் கோபுரங்களையும் சேர்த்துத்தான் அது இடத்தைக் கணிக்கிறது. பகலில் வேலைசெய்யும் நில அளவையாளருக்கும் பெரிதாகப் பாதிப்பில்லை. இரவில் வரும் விமானம், ஆழ்கடலில் நிற்கும் பலநாட் படகு, இருபத்துநான்கு மணிநேரமும் சென்ரிமீற்றர் துல்லியத்தில் பதிவுசெய்யும் நிலையங்கள் ஆகியவற்றுக்குத்தான் பிரச்சினை.

நம் பகுதியில் மார்ச், ஏப்ரலிலும் செப்டெம்பர், ஒக்டோபரிலும் குமிழ்கள் அதிகம். அந்த மாதங்களில் பகலையும் இரவையும் பிரிக்கும் இருள் எல்லை காந்தப்புலக் கோட்டுக்கு ஏறக்குறைய இணையாக இருப்பதால், கோட்டின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் இருட்டுகிறது. சூரியனின் செயற்பாடு கூடிய வருடங்களில், 2024ஐப் போல, இன்னும் அதிகம். ‘இன்று சூரியப் புயல், போனை அணைத்து வையுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல்கள் இதோடு பொருந்தாது. புயலே இல்லாத அமைதியான இரவிலும் குமிழ் எழும். புயல் சில வேளை குமிழை வளர்க்கும், சில வேளை தடுத்துவிடும்.

விதை எது? இடைப்பருவ மழைக்காலத்தில் பிற்பகலில் இடிமேகங்கள் கிளப்பும் வளிமண்டல அலைகள் மேலே போய் அந்தப் பள்ளத்தைப் போடலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆனால் இடி இடித்த நாளெல்லாம் குமிழ் வருவதில்லை, மேல்படை அன்று மாலை எவ்வளவு உயர்ந்தது என்பதுதான் பெரிய பங்கு வகிக்கிறது. பருவத்துக்கான எதிர்வுகூறல் நன்றாகவே பொருந்துகிறது. இன்றிரவு வருமா என்பதை முன்கூட்டிச் சொல்வது இன்னும் ஆய்வில் இருக்கும் விஷயம். இரண்டு அலைவரிசைகளைப் பெறும் கருவிகள் அயன்மண்டலத்தால் ஏற்படும் தாமதத்தைத் திருத்திவிடும், மினுங்கலால் அறுந்த சமிக்ஞையை அவற்றாலும் மீட்க முடியாது. குமிழ் வானம் முழுவதையும் மூடுவதில்லை என்பதால், ஜி.பி.எஸ்.ஸோடு கலிலியோ, குளோனாஸ், பைடோ செய்மதிகளையும் கேட்கும் கருவிக்குக் குமிழ் இல்லாத திசையிலிருந்து போதிய செய்மதிகள் பெரும்பாலும் கிடைத்துவிடும்.